கரையடியில் எடுத்த மண்

குட்டி டிராக்டர் வாங்கி மண் வேலைக்கு இறங்கியிருக்கும் தம்பிகள் பாளையம்பட்டி டீக்கடையில் என்னைப் பார்த்தால் விடுவதில்லை. உட்காரவைத்துக் கேட்பதெல்லாம் வண்டியைப் பற்றித்தான். எந்த கியரில் மண் தள்ளுவது, பிளேடை எவ்வளவு இறக்குவது, டயரில் தண்ணீர் நிரப்பலாமா. இதையெல்லாம் நான் சொல்லவே தேவையில்லை. ஒரு கோடை முழுக்க ஓட்டினால் உங்கள் கையும் இடுப்பும் தானாகக் கற்றுக்கொள்ளும். இருபத்திரண்டு வருடம் ஓட்டி, முதுகு இனி முடியாது என்று சொன்ன பிறகு இறங்கியவன் நான். எனக்குச் சொல்ல இருப்பது வேறு.

நம் வண்டிக்கு வரும் மண் வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பெரிய வேலைக்குப் பொக்லைன் இருக்கிறது. அது நுழைய முடியாத சந்து, வீட்டு பேஸ்மட்டம், மழையில் உடைந்த வரப்பு, சீமைக்கருவேலம் பிடுங்கிய குழி, இவைதான் நமக்கு. கூப்பிடுகிறவர் எப்போதும் "சின்ன வேலைதாண்ணே, அரை மணி நேரம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு மேல்மண்தான் தெரிகிறது. அடியில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டியவன் சீட்டில் உட்கார்ந்திருப்பவன்.

வண்டி வாங்கிய முதல் வருடம் எம்.ரெட்டியபட்டியில் ஒரு பருத்திக் காட்டைச் சமப்படுத்தப் போனேன். நடுவில் ஒரு கருவை மூடு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. சங்கிலியைப் போட்டு இழுத்தேன். கட்டியது வண்டியின் பின்பக்கம் மேலே, கைக்கு எட்டிய இடத்தில். மூடு அசையவில்லை, வண்டியின் மூக்கு எழுந்தது. முன்சக்கரம் இரண்டும் என் கண்ணுக்கு நேரே வந்து நின்றன. எப்படியோ கால் கிளட்சை மிதித்துவிட்டது. வண்டி தொப்பென்று இறங்கியது. இல்லையென்றால் அப்படியே மல்லாந்து என் மேல் விழுந்திருக்கும். காட்டுக்காரர் ஓடிவந்து, "மூடு கெடந்தா கெடந்துட்டுப் போகுதுப்பா, நீ எறங்கு மொதல்ல" என்று என் கையைப் பிடித்து இறக்கினார். அன்றிலிருந்து இழுக்கும் எதையும் தாழ்வாகத்தான் கட்டினேன். அந்தத் தவறில் போக இருந்தது என் உயிர் மட்டும். நான் சொல்ல வந்த தவறு அப்படிப்பட்டதல்ல.

நரிக்குடிப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே குருசாமி என்று ஒரு விவசாயி எனக்குப் பழக்கம். கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவர். அந்த வருடம் அந்த ஊரில் எனக்கு வேலை நிறைய இருந்ததால், வண்டியையும் சின்ன டிப்பர் பெட்டியையும் அவர் கொட்டகையில் விட்டுவிட்டு நான் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். கார்த்திகை மழை பிடித்தது. கரிசல் காட்டில் கால் வைக்க முடியவில்லை. நான்கு நாள் வீட்டிலேயே இருந்தேன். ஐந்தாம் நாள் விடியும்போது குருசாமி போன் செய்தார்.

"அண்ணே, ஒடனே வாங்க. மடைக்குப் பக்கத்துல கரை கசியுது. பொக்லைன் ஒண்ணு வந்துச்சு, பாதி வழியில சேத்துல எறங்கிருச்சு. ஒங்க வண்டிதாண்ணே கரையடிக்குப் போகும்."

நான் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கண்மாய் ததும்பி நின்றது. உபரித் தண்ணீர் போகும் கலுங்கு வழியே ஓர் ஆள் உயரத்துக்கு விழுந்துகொண்டிருந்தது. பாதி ஊர் கரைமேல் நின்றது. கரைக்கு வெளிப்பக்கம், மடையிலிருந்து பத்துக் காலடி தள்ளி, அடிவாரத்தில் பானை வாய் அளவுக்கு ஒரு பொத்தல். அதிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே வயல். வயலைத் தாண்டினால் கீழத்தெரு, இருபது இருபத்தைந்து ஓட்டு வீடுகள், ஆட்டுக் கிடைகள்.

இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். கரையிலிருந்து தெளிந்த தண்ணீர் கசிந்தால் அவ்வளவு பயமில்லை, நிறைந்த கரை எதுவும் கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும். கலங்கலாக வந்தால் கரை உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். ஆனால் அன்று நான் தண்ணீரின் நிறத்தைப் பார்க்கவில்லை. கரைமேல் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தேன்.

"அண்ணே வந்துட்டாக, வழி விடுங்கப்பா," என்றார் குருசாமி. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் மண்ணைப் போட்டு அமுக்கு என்றார், ஒருவர் வைக்கோலை அடை என்றார். சும்மா நிற்கிறவனாக அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிடம்கூட இருக்க எனக்கு மனம் வரவில்லை. வண்டியைக் கரையடிக்கு இறக்கி, பிளேடைத் தாழ்த்தி, பக்கத்தில் இருந்த மண்ணைச் சுரண்டி அந்தப் பொத்தல் மேல் தள்ள ஆரம்பித்தேன். எவ்வளவு பக்கத்தில் தெரியுமா? கரையின் அடியிலிருந்து பத்தடிகூட இருக்காது. தூரத்திலிருந்து எடுத்தால் நேரமாகும் என்று நினைத்தேன்.

இருபது நிமிடம் தள்ளியிருப்பேன். பொத்தல் மூடிக்கொண்டது போலிருந்தது. கரைமேல் சந்தோஷப் பேச்சு கேட்டது. வண்டியைத் திருப்பும்போது நான் சுரண்டிய பள்ளத்தைப் பார்த்தேன். முழங்கால் ஆழத்தில் தண்ணீர் நின்றது. மழைத் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் நடுவே சோறு கொதிப்பது போல ஓர் இடம் குமிழியிட்டுக்கொண்டிருந்தது.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். குனிந்து கையை விட்டேன். அடியிலிருந்து தண்ணீர் விரலை முட்டித் தள்ளியது. கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கக் களிமண். கரை இத்தனை வருடமாகக் கால் ஊன்றி நின்ற மண்ணை நான் எடுத்துவிட்டேன். ஒரு பொத்தலை மூடி, அதைவிட மோசமான ஒன்றைத் திறந்துவிட்டிருந்தேன்.

அந்த நேரத்தில் மனம் என்னென்ன சொல்லும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். இதை வேறு யாரும் பார்க்கவில்லை என்றது. இது தன்னால் வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றது. சாவியை எடுத்துக்கொண்டு, 'என் வண்டியால முடியாதுப்பா' என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் குறை சொல்லப்போவதில்லை என்றது. சாவியை எடுத்து மடியிலும் வைத்தேன். நிமிர்ந்தபோது வயலுக்கு அப்பால் கீழத்தெரு ஓடுகள் தெரிந்தன.

குருசாமியைக் கரையிலிருந்து இறங்கச் சொல்லிக் காதோடு சொன்னேன். "கீழத்தெருவக் காலி பண்ணச் சொல்லுங்க. ஆளு, ஆடு மாடு எல்லாம். இப்பவே."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அம்புட்டுக்கா இருக்கு?"

"அம்புட்டுக்கு இருக்கு."

அவர் ஓடினார். வேலையை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிக்கும் முன்னால் கீழே இருக்கிறவர்களை நகர்த்துங்கள். அது முடிந்த பிறகுதான் உங்கள் மூளை ஒழுங்காக வேலை செய்யும். எனக்கு அப்படித்தான் ஆனது. எப்போதோ ஒரு கண்மாய் மராமத்துக்கு மண் அடிக்கப் போனபோது, முழங்கால் சேற்றில் நின்று வேலை வாங்கிய ஓர் அதிகாரி என் நினைவுக்கு வந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஒரு நாள் பழக்கம். கசிவைக் களிமண் போட்டு மூடப் போன என்னை நிறுத்தி, "தண்ணிய நிறுத்தப் பாக்காதப்பா. மண்ணு வெளிய வராம நிறுத்து. தண்ணி தெளிஞ்சுட்டா கரை பொழைச்சுக்கும்" என்றார். அன்று அவர் போடச் சொன்னது சரளை. சரளை தண்ணீரை விட்டுவிடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதன் பாரம் கரைக்குக் காலாகவும் இருக்கும்.

சுற்றிலும் கரிசல். எங்கே தொட்டாலும் களி. சரளை அள்ளும் இடத்துக்குப் போகும் ரோடு ஓடையில் முங்கிக் கிடந்தது. அந்த ஊரில் சரளை இருந்த ஒரே இடம் எனக்குத் தெரியும். ஏனென்றால் அதை அங்கே கொண்டுவந்து கொட்டியவன் நான்.

கரையின் தென்கோடியில் மேடு. அங்கே காதர் என்பவரின் வீடு, அதை ஒட்டிப் புது வீட்டுக்குக் கட்டிய பேஸ்மட்டம், நாலு சுவருக்குள் சரளை நிரப்பிய அடித்தளம். காதர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். நான்கு வருடம் லீவுக்குக்கூட ஊருக்கு வராமல் இருந்து கட்டிய பேஸ்மட்டம் அது. அவருடைய மனைவி மைமூன்தான் எல்லா வேலையையும் நின்று பார்த்தவர். ஆடி மாதத்தில் நான் ஒவ்வொரு அடுக்காகச் சரளையைப் பரப்ப, அவர் தண்ணீர் தெளித்துத் தெளித்து அமுக்க வைத்தார். ஒரு மூலை இறங்கினாலும் விடமாட்டார். மழைக்கு முன்னால் மேலே தார்ப்பாய் போர்த்திச் சுற்றிலும் கல் வைத்திருந்தார். சுவர் எழுப்பத் தை மாதம் ஆள் சொல்லியிருந்தது.

மைமூனுக்குக் கண்மாய்க்குக் கீழே ஒரு குழி நிலம்கூட இல்லை. வீடு மேட்டில். கரை உடைந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது.

கரைமேல் கூட்டத்தோடு நின்றிருந்தார். நான் ஏறிப் போனேன்.

"மைமூன், ஒரு விசயம் கேக்கணும். எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

"கேளுங்கண்ணே."

"இந்தக் களி மண்ணு நிக்காது. சரளை வேணும். ஒன் பேஸ்மட்டத்துல இருக்குறதுதான் இருக்கு. ஒரு பக்கத்துச் சுவர ஒடைச்சுத்தான் வண்டி உள்ள போகணும்."

அவர் போனை எடுத்துக் கணவருக்கு அடித்தார். மணி அடித்து நின்றது. மறுபடியும் அடித்தார்.

"டூட்டியில இருப்பாக. உள்ள போனு கொண்டு போக விடமாட்டாங்க. மத்தியானத்துக்கு மேலதான் எடுப்பாக," என்றார். பிறகு, "மத்தியானம் வரைக்கும் நிக்குமாண்ணே?" என்று கேட்டார்.

"நிக்காது."

அவர் திரும்பிக் கீழத்தெருவைப் பார்த்தார். அங்கே ஒருத்தி ஆட்டுக்குட்டி இரண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேட்டைப் பார்க்க ஓடிவந்துகொண்டிருந்தாள். மைமூன் போனை இடுப்பில் சொருகினார். "எடுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்து போய், தார்ப்பாய் மேல் இருந்த கல்லை அவரே ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு பேர் கடப்பாறையால் வடபக்கத்துச் சுவரைச் சாய்த்தார்கள். உள்ளே போய்ப் பிளேடால் சரளையைக் கிளறிவிட்டேன். ஊர் முழுக்க மண்வெட்டியும் இரும்புச் சட்டியுமாகப் பெட்டியை நிரப்பியது. கரையடிக்குப் போகும் பாதை இரண்டு நடையில் உளைச் சேறாகிவிட்டது. பெண்கள் கருவை மிலாறுகளை, அதன் சின்னக் கிளைகளை, வெட்டி வந்து பாதை நெடுக விரித்தார்கள். அதன்மேல்தான் வண்டி ஓடியது. பெரிய வண்டி என்றால் மிலாறோடு சேர்ந்து உள்ளே போயிருக்கும். அன்று நம் வண்டியின் சிறுமைதான் உதவியது.

ஒவ்வொரு நடையும் பின்பக்கமாகவே உள்ளே போனேன். மூக்கு எப்போதும் வெளியே பார்த்திருக்க வேண்டும். கரை விட்டால் கிளட்சை எடுத்து ஒரே மிதியில் வெளியேற அதுதான் வழி. யாரையும் பெட்டியில் ஏறவிடவில்லை, கரைக்கு நேர் கீழே நிற்கவிடவில்லை. ஆறாவது நடையோ ஏழாவதோ, கொட்டிக்கொண்டிருக்கும்போது கரைச் சரிவிலிருந்து ஒரு மண் பாளம் வழுக்கி வந்து பின்சக்கரத்தில் மோதியது. "குதிங்கண்ணே, குதிங்க," என்று மேலே கத்தினார்கள். நான் குதிக்கவில்லை. வீரம் என்று நினைக்க வேண்டாம். குதித்தால் சேற்றில்தான் விழுவேன், சேற்றில் ஓட முடியாது என்று ஏறும்போதே யோசித்து வைத்திருந்தேன். வண்டியை முன்னால் எடுத்து வெளியே போய் நின்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மறுபடியும் பின்னால் எடுத்தேன்.

நான் தோண்டிய பள்ளம் நிறைந்தது. அதன்மேல் இடுப்பளவு சரளைக் குவியல் ஏறியது. குவியலின் அடியிலிருந்து தண்ணீர் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. குருசாமி அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். மத்தியான லுகர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டார். ஒரு கை தண்ணீரை அள்ளிக் காட்டினார். உள்ளங்கை ரேகை தெரிந்தது.

"தெளிஞ்சிருச்சுண்ணே," என்றார்.

அந்த நேரத்தில்தான் மைமூனின் போன் அடித்தது. அவர் கூட்டத்தை விட்டுத் தள்ளிப் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று முழுவதும் கேட்கவில்லை. "போன எடுத்திருந்தா கேட்டிருப்பேன்ல," என்பது மட்டும் காதில் விழுந்தது. பேசி முடித்து வந்தவரின் கண் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் காதர் வீட்டுக்குப் போனே செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான்கு வருடம் ஊரைப் பார்க்காமல் இருந்தவர் அவர்.

ஊர் கூடி எனக்குத் துண்டு போர்த்தியது. மாலை போட்டார்கள். பார்க்கும் இடத்தில் எல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்கள். கலுங்கில் விழுந்த தண்ணீர் குறைந்து, நெல் கதிர் பிடித்து, எல்லாரும் அதை மறந்த பிறகும் என்னால் ஒழுங்காகத் தூங்க முடியவில்லை. முதல் இருபது நிமிடம் நான் தள்ளாமல் இருந்திருந்தால், அந்தச் சின்னப் பொத்தலுக்கு நான்கு பெட்டிச் சரளை போதுமாக இருந்திருக்கலாம். ஒரு வீட்டின் பேஸ்மட்டத்தையே கரைத்திருக்க வேண்டியதில்லை. இருந்திருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். அந்த 'லாம்' என்னைத் தின்றது. துண்டை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தது அதைவிட அதிகமாகத் தின்றது.

பங்குனியில் காதர் லீவில் வந்தார். பேஸ்மட்டத்தைத் திரும்ப நிரப்ப வீட்டுக்கு ஓர் ஆள் வருவதாக ஊர் ஏற்கெனவே சொல்லியிருந்தது. சரளை அடிக்க நான் வண்டியோடு போனேன். சுவரைக் கட்டி முடித்திருந்தார்கள். காதரே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு உள்ளே நின்றார். நன்றாகத்தான் பேசினார், ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. மைமூன் வழக்கம்போலக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது நாள், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், வண்டியை நிறுத்திவிட்டு இருவரிடமும் போனேன். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். கரையடி மண்ணை எடுத்தது, பள்ளத்தில் ஊற்று கிளம்பியது, அதை யாரிடமும் சொல்லாதது, எல்லாவற்றையும்.

காதர் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். "அன்னைக்கே ஏண்ணே சொல்லல?" என்றார்.

"பயம். அப்பறம் துண்டு வேற போத்திட்டாங்க."

மைமூன் குழாயைக் கீழே போட்டார். "எனக்குத் தெரியும்," என்றார்.

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"கரைமேல நேரா அந்தப் பள்ளத்துக்கு மேலதான் நின்னேன். நீங்க கைய விட்டுப் பாத்ததையும் பாத்தேன், சாவிய எடுத்து மடியில வச்சதையும் பாத்தேன். போயிருவீகன்னு நெனைச்சேன். நீங்க குருசாமி அண்ணனக் கூப்பிட்டுப் பேசிட்டு, என்கிட்ட வந்தீக."

காதர் மனைவியிடம் கேட்டார். "தெரிஞ்சுமா எடுக்கச் சொன்ன?"

"யாரு தப்புன்னு பாக்க அப்ப நேரமா இருந்துச்சு?" என்றார் மைமூன். சொல்லிவிட்டு ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் குழாயை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டார்.

காதர் பேஸ்மட்டத்தின் மூலைக்குப் போய் மண்வெட்டியால் சரளையைத் தட்டிப் பார்த்தார். அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்திருந்தேன்.

"வண்டியப் பின்னால எடுங்கண்ணே," என்றார் கடைசியில். "இந்த மூலையில இன்னும் ரெண்டு பெட்டி வேணும்."

எடுத்தேன்.